பத்தாவது மிஸ்டு கால்

வாட்ச்காரர் போய்ச் சேர்ந்து இன்றோடு ஒன்பது நாள். ஒன்பது என்ற எண்ணைக் கேட்டாலே மருமகள் இப்போதெல்லாம் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுகிறாள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மருமகளின் மாமியார் ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். தெருவில் எல்லோருக்கும் நர்ஸம்மா. பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் தொடங்கியதுதான் காலை வட்டம். பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட, அடுக்குமாடிகளில் தனியாகக் கிடக்கும் வயதானவர்கள் தினமும் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவே வட்டத்து ஃபோனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். நான் எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். ஃபோன் வைத்திருப்பவர் பெயரைப் பார்த்து, கட் செய்து, சீட்டில் டிக் போட வேண்டும். மிஸ்டு கால் வராவிட்டால் திருப்பிக் கூப்பிட வேண்டும். அதற்கும் பதில் இல்லை என்றால், நர்ஸம்மா வீட்டுக் கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கும் சாவிகளில் அந்த வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். இப்படி ஓடிப்போய்க் காப்பாற்றிய உயிர்கள் பதினொன்று. சும்மா சொல்லக் கூடாது, நல்ல காரியம்.

வட்டத்தில் இப்படிப் பதினாறு ஃபோன்கள். அதில் ஒன்று நர்ஸம்மாவின் மகள் குட்டியிடம். வயது இருபத்தேழு, மருந்துக்கடையில் வேலை, இன்னும் பெயர் குட்டிதான். அவள் சீட்டில் ஒன்பது பேர். ஒன்பதாவது பெயர் வாட்ச் ரிப்பேர் செய்கிற வாட்ச்காரர்.

போன வாரத்துக்கு முந்தின திங்கள் முதல் வியாழன் வரை கடையில் குட்டிக்கு விடிகாலை ஷிஃப்ட். அம்மாவிடம் சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். ஃபோன் கை மாறக் கூடாது என்பது நர்ஸம்மா போட்ட சட்டம். அந்த நேரத்தில் அம்மா படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க வெளியே போய்விடுவார் என்கிற தைரியத்தில், குட்டி ஃபோனையும் சீட்டையும் அண்ணியின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். "பேரைப் பார்த்து டிக் அடிங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அண்ணிக்கோ அந்த வாரம் இருநூறு ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்க வேண்டும். துணிக்கு அடியில் கையை விட்டால் எடுக்க நேரமில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பத்து அழைப்புகளை மட்டுமே ஞாபகம் வைத்திருக்கும் அந்தப் பழைய பட்டன் ஃபோனில் பெயரை வாசித்துக்கொண்டிருக்க முடியுமா? ஃபோன் அதிரும்போதெல்லாம் மேஜை மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். ஒன்பது கோடு விழுந்ததும் ஃபோனைத் தூக்கி டிராயரில் போட்டாள். ஒன்பது பேருக்கும் ஒன்பது டிக். நாலு நாளும் இதே கதை.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அதே சீட்டில் இருக்கும் பழைய டீச்சரம்மாவுக்கு மறதி. கூப்பிட்டதை மறந்துவிட்டுத் தினமும் இரண்டு தடவை கூப்பிடுவார்.

வெள்ளிக்கிழமை ஃபோன் குட்டியிடம் திரும்பியது. அன்று வாட்ச்காரரிடமிருந்து மிஸ்டு கால் வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு அம்மாவும் மகளும் ஓடினார்கள். கட்டிலோரம் அவர் உயிரில்லாமல் கிடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். மருமகள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் நர்ஸம்மா ஃபோனும் சீட்டுமாக உட்கார்ந்திருந்தார். வாட்ச்காரர் விஷயத்துக்குப் பிறகு குட்டியின் ஃபோன் அவர் கைக்குப் போய்விட்டது.

ஃபோன் அதிர்ந்தது. ஒன்று.

எண்ண வேண்டாம் என்று மருமகள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே இரண்டு ஆகிவிட்டது. மூன்று. நாலு. தேய்த்த தட்டையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். எட்டு. ஒன்பது.

இப்போது சீட்டில் இருப்பது எட்டுப் பேர்தானே! ஒன்பதாவது யார்?

டீச்சரம்மாதான், வேறு யார். புத்திக்குத் தெரிகிறது. உடம்புக்குத் தெரிய வேண்டாமா? பின்னால் யாரோ வந்து நின்று, தன் முறைக்காகப் பொறுமையாகக் காத்திருப்பது போல இருந்தது. ஃபோன் பத்தாவது முறையும் அதிர்ந்தது. சட்டென்று கூடத்தை எட்டிப் பார்த்தாள். ஃபோன் மேஜை மேல் சும்மா கிடந்தது. நர்ஸம்மா சீட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அத்தை. கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"நான் கூப்பிடலை."

ஒன்பது நாளாக இப்படித்தான். மிஷினை மிதித்தால் அதன் சத்தத்துக்குள் ஒரு அதிர்வு. மிஷினை நிறுத்தினால் வேறு ஒரு சத்தம், யாரோ தரையில் எதையோ இழுத்துக்கொண்டு மெதுவாக நகர்வது போல. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். குளியலறை வாசலிலிருந்து கட்டில் வரை, மனிதர் உடம்பை இழுத்து இழுத்து வந்த தடம் தரையில் இருந்தது என்று நர்ஸம்மா டாக்டரிடம் ஃபோனில் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள் அவள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குக் குறுகுறுக்கவில்லை, குடைந்தது.

வாட்ச்காரரை அவள் பார்த்ததே ஒரே ஒரு தடவைதான். கைக்கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றப் போனபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "நின்னுபோனாத்தாம்மா என்கிட்ட எடுத்துட்டு வர்றீங்க. ஓடுறதை யாரு எட்டிப் பார்க்கிறா!"

*

பத்து மணிக்குக் குட்டி குளித்துவிட்டு வந்தாள். நர்ஸம்மா மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"நாலு மணிக்குக் கூட்டம். எல்லார் முன்னாடியும் சொல்லிடப் போறேன். ஃபோன் வராமலே டிக் போட்டது என் பொண்ணுதான்னு. ஊருக்கெல்லாம் சட்டம் பேசிட்டு வீட்டுல மூடி மறைக்க என்னால ஆகாது."

"அம்மா, டிக் எல்லாம் சரியாத்தான் இருக்கு. அவர் நாலு நாளும் கூப்பிட்டாரு."

"கூப்பிட்டாரா! வியாழக்கிழமை காலையில கூப்பிட்ட மனுஷன் வெள்ளிக்கிழமை உடம்பு அப்படிக் கெட்டுப்போயா கிடப்பாரு? முப்பத்தஞ்சு வருஷம் வார்டுல நின்னவடி நான். எனக்கா பாடம் நடத்தற?"

"சத்தியமாம்மா."

"அந்த வார்த்தையை என்கிட்ட சொல்லாத. பொய் சொல்ற பிள்ளையை நான் பெக்கலைன்னு இத்தனை நாள் திமிரா இருந்தேன். அதுக்குத்தான் எனக்கு இது."

நர்ஸம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் அழுதிருக்கலாம். அழுதாலும் வெளியே கேட்கும்படி அழுகிறவர் இல்லை.

குட்டி சமையலறைக்கு வந்து, மேடை மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. வாய் மட்டும் சிரித்தது.

"ஃபோனை எடுத்துக்கிட்டது நல்லதுதான் அண்ணி. இனிமே காலையில எட்டு மணி வரைக்கும் இழுத்துப் போர்த்திட்டுத் தூங்குவேன்."

மருமகளால் சிரிக்க முடியவில்லை.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு. நீங்க பேரைப் பார்த்துத்தானே டிக் அடிச்சீங்க?"

மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள். முதல் தடவை கேட்டது அந்த வெள்ளிக்கிழமை இரவு. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். பயத்தில் நாக்கு தானாக ஆமா என்றது. ஒரு ஆமாவைக் காப்பாற்ற இன்னொரு ஆமா.

"ஆமா குட்டி."

"அப்போ எனக்குக் கவலையே இல்ல. அம்மா என்ன வேணா சொல்லட்டும். உங்க கையில கொடுத்தேன்னு மட்டும் என் வாயில வராது. வந்துச்சுன்னா, அம்மா உங்களையும் சேர்த்துக் காய்ச்சி எடுத்துடுவாங்க. அண்ணன் வேற ஊர்ல இல்ல."

மருமகளின் புருஷன் லாரியோடு போய் மூன்று வாரம் ஆகிறது. வர இன்னும் ஒரு வாரம் ஆகும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? பழி மேடை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பாவம் கீழே நின்று தேய்த்த தட்டையே தேய்த்துக்கொண்டிருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று மருமகள் வாயைத் திறந்தாள். "சாப்பிடறியா?" என்றுதான் வந்தது.

*

இரண்டு மணிக்கு வாட்ச்காரரின் மகன் வந்தான்.

எங்கோ தொலைவில் பாலம் கட்டுகிற இடத்தில் இன்ஜினியர். செய்தி கேட்டு அவன் வந்து சேர்வதற்குள் சவப்பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் அதே மூக்கு, நிற்கும் அதே விதம். கதவைத் திறந்த மருமகள் ஒரு நொடி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுச் சாவியை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்மா," என்றான் நர்ஸம்மாவிடம். கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். "இன்னொண்ணும் வேணும். அந்த வாரத்துச் சீட்டு. எனக்குத் தருவீங்களா?"

"சீட்டா? எதுக்குப்பா?"

"அப்பா பேருக்கு நேரா நாலு டிக் இருக்குன்னாங்க. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். வியாழக்கிழமை காலை வரைக்கும் அவர் நல்லா இருந்திருக்காரு. அன்னிக்கு ராத்திரி விழுந்திருப்பாரு, அவ்வளவுதான். கஷ்டப்படாம போயிட்டாரு. அதைப் பார்த்துட்டே இருந்தா மனசுக்கு ஒரு மாதிரி ஆறுதலா இருக்கும்."

மருமகள் நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்தாள். குளியலறையிலிருந்து கட்டில் வரை போன தடத்தைத் தன் கையாலேயே துடைத்தவர் அவர். இப்போது சொல்லிவிடுவார் என்று மருமகள் நினைத்தாள்.

நர்ஸம்மா எழுந்தார். அலமாரியைத் திறந்து, அந்தச் சீட்டை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"கூட்டத்துல ரெண்டு வார்த்தை பேசலாமாம்மா? எல்லாருக்கும் ஒரு நன்றி சொல்லணும்."

"பேசுப்பா."

அவன் சாவியை வாங்கிக்கொண்டு போனபின் நர்ஸம்மா அவன் குடிக்காத டீயை எடுத்து மருமகளிடம் நீட்டினார். பிறகு சொன்னார்:

"நான் இன்னிக்கு ஒண்ணும் பேசப்போறதில்ல. அந்தப் புள்ளையோட ஆறுதலைப் பிடுங்க எனக்கு மனசு வரலை. யாரும் எதையும் தெரிஞ்சுக்க வேண்டாம். ஆனா இனிமே அவ முகத்துல நான் முழிக்கமாட்டேன். அவளுக்கு ஹாஸ்டல் பார்த்துக்கச் சொல்லிடு."

மருமகளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். வெட்கங்கெட்ட சந்தோஷம். யாரும் எதையும் தெரிஞ்சுக்க வேண்டாமாம்! தப்பித்தாயிற்று. அடுத்த நொடியே அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

*

நாலு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. இருபது நாற்காலிகள் போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். பேக்கரிக்காரர், பஸ் கண்டக்டர், இரண்டு காலேஜ் பெண்கள் என்று காலையில் ஃபோன் பிடிக்கிற பதினாறு பேரும் வந்திருந்தார்கள். நடக்க முடிந்த வயதானவர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் டீச்சரம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மருமகளைப் பார்த்து இரண்டு தடவை, நல்லா இருக்கியாம்மா என்று கேட்டுவிட்டார்.

நர்ஸம்மா வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். மகன் எழுந்தான். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தான்.

"எனக்குப் பேச வராது. எங்கப்பா எட்டு வருஷம் தனியா இருந்தாரு. தனியா இருந்தாருன்னு நான் சொல்லக் கூடாது. தினமும் காலையில ஒருத்தங்க அவர் உயிரோட இருக்காரான்னு பார்த்திருக்காங்க. நான் பார்க்கலை, நீங்க பார்த்தீங்க. இந்த டிக் போட்டது இந்த வீட்டுத் தங்கச்சின்னு சொன்னாங்க." குட்டியைப் பார்த்துக் கை கூப்பினான். "இந்த நாலு டிக்கும் எனக்குப் போதும்மா."

குட்டி பொலபொலவென்று அழுதாள். ஒன்பது நாளில் அவளை நம்பிப் பேசிய முதல் ஆள் அவன். பார்த்தீங்களாம்மா என்பது போல் அம்மாவைப் பார்த்தாள். நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தத் திருப்பலைத்தான் மருமகளால் தாங்க முடியவில்லை.

"அதைப் போட்டது குட்டி இல்லீங்க," என்றாள்.

சத்தமாகச் சொன்னதாக நினைத்தாள். பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கையில் பிஸ்கட் தட்டு வைத்திருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் சொன்னாள்.

"அந்த நாலு நாளும் ஃபோன் என்கிட்ட இருந்துச்சு. நான்தான் டிக் போட்டேன். பேரைப் பார்க்கலை. எத்தனை தடவை அடிக்குதுன்னு மேஜையில சாக்பீஸ்ல கோடு போட்டேன். ஒன்பது கோடு ஆனதும் எடுத்து டிராயருக்குள்ள வெச்சுட்டேன். அதுல ஒருத்தர் நம்பர் ரெண்டு தடவை அடிச்சிருக்கு. எனக்குத் தெரியாது."

டீச்சரம்மா பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "யாரும்மா அது ரெண்டு தடவை கூப்பிட்டது? பாவம், மறதி போலிருக்கு," என்றார்.

பக்கத்திலிருந்தவர் டீச்சரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரா இருந்தாலும் தப்பு என்னோடதுதான் டீச்சர்," என்றாள் மருமகள்.

குட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"பேரைப் பார்த்தேன்னு சொன்னீங்களே அண்ணி. மூணு தடவை கேட்டேனே."

நர்ஸம்மா மகளின் பக்கம் கையை நீட்டினார். குட்டி அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. நீட்டிய கை சற்று நேரம் அந்தரத்திலேயே இருந்து, பிறகு மடிக்குத் திரும்பியது.

மகன் சீட்டைப் பிடித்தபடியே நின்றான்.

"அப்போ, எங்கப்பா எந்த நாள் வரைக்கும் கூப்பிட்டாரு?"

"தெரியாதுங்க."

"செவ்வாய்க்கிழமை?"

"தெரியாதுங்க. பத்தாவது தடவை அடிச்சுதான்னு நான் பார்க்கவே இல்ல. ஃபோன் உள்ளே இருந்துச்சு."

"புதன்கிழமை டிக் இருக்கே? இது? இதுவும் தெரியாதா?"

அவன் விரல் அந்தக் கட்டத்தின் மேல் அழுந்தியது. மருமகள் தலையை ஆட்டினாள். அவன் திட்டுவான், கையை ஓங்குவான், போலீஸுக்குப் போவேன் என்பான் என்று நினைத்தாள். அப்படி ஏதாவது செய்துவிட மாட்டானா என்று மனசு ஏங்கியது.

அவன் பின்னால் இருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்து, மெதுவாக உட்கார்ந்தான்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டாரு," என்றான். யாரிடமும் இல்லாமல், தரையைப் பார்த்து. "ஒரு ரிங். நின்னுபோச்சு. அப்பா எனக்கும் மிஸ்டு கால்தான் கொடுப்பாரு. நான் நல்லா இருக்கேன்டான்னு அர்த்தம். எங்களுக்குள்ள அப்படி ஒரு வழக்கம். நான் வேலையில இருந்தேன். சிரிச்சுக்கிட்டேன். திருப்பிக் கூப்பிடலை."

சீட்டை முழங்கால் மேல் வைத்து நீவினான்.

"இங்க வந்து இறங்கின அன்னிக்கு இந்தச் சீட்டைப் பத்திச் சொன்னாங்க. புதன்கிழமை டிக் இருக்கு, வியாழக்கிழமை டிக் இருக்குன்னாங்க. அப்போ செவ்வாய்க்கிழமை அவர் நல்லாத்தான் இருந்திருக்காருன்னு நினைச்சேன். சும்மாதான் கூப்பிட்டிருக்காருன்னு. அதை நினைச்சுத்தாங்க இத்தனை நாளா ராத்திரி நான் கண்ணை மூடுறேன்."

குட்டியின் மேலிருந்த பழியை இறக்கி வைக்கத்தான் மருமகள் வாய் திறந்தாள். அதைக் கொண்டுபோய் யார் தலையில் வைத்திருக்கிறாள்!

"ஐயோ, நான்..." என்றாள்.

மகன் சீட்டை நாலாக மடித்தான். பைக்குள் வைக்கப் போனவன் வைக்கவில்லை. எழுந்து வந்து அவள் கையில் கொடுத்தான்.

"சாவியை வாங்கிட்டுப் போனேன். மூணு மாடி ஏறி, கதவு வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துட்டேன். என்னால திறக்க முடியலை." அவன் குரலில் கோபம் இல்லை. கோபத்துக்கான தெம்பே இல்லை. "நாளைக்குக் காலையில நீங்க வாங்க. அவர் கூப்பிட்டப்போ நீங்களும் பார்க்கலை, நானும் எடுக்கலை. நாம ரெண்டு பேருமே திறப்போம்."

நர்ஸம்மா ஏதோ சொல்ல எழுந்தார். குட்டி அம்மாவுக்கு முந்திக்கொண்டு, வேண்டாம் அண்ணி என்றாள்.

"வர்றேங்க," என்றாள் மருமகள்.